பின்தங்கல் பூஜ்யம் என்று காட்டியது. மூன்று மணி நேரக் கணக்கு எங்கே போனது?

ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறால், நண்டு, கணவாய் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் கணினிப் பொறுப்பு அவரிடம் இருக்கிறது. எடைச்சீட்டு, படகுக்காரர் கணக்கு, ஐஸ், டீசல் முன்பணம் எல்லாம் மண்டபம் அலுவலகத்தில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. அதன் நகல் மதுரையில் இன்னொரு சர்வரில் ஓடுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்கு இரண்டு ஊருக்கும் நடுவே இணைப்பு அறுந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆறு ஐம்பதுக்கு மண்டபம் சர்வரின் வட்டு செத்தது. மதுரை நகலை முதன்மையாக்கி, அதாவது இனி அதுவே மூல சர்வர் என்று மாற்றிப் பார்த்தால் மூன்றரைக்குப் பிந்தைய ஒரு சீட்டுகூட அதில் இல்லை. ஆனால் கிராஃபானா வரைபடத்தில், நகல் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று காட்டும் பின்தங்கல் கோடு அந்த நேரம் முழுவதும் பூஜ்யத்தில் படுத்தே கிடந்திருக்கிறது. “எச்சரிக்கை வரம்பு ஐந்து விநாடி என்று வைத்திருந்தோம். ஒரு விநாடி என்று வைத்திருந்தால் தப்பித்திருப்போமா?” என்று கேட்கிறார்.

தப்பித்திருக்க மாட்டீர்கள். ஒரு மில்லி விநாடி என்று வைத்திருந்தாலும் அந்த எச்சரிக்கை வாய் திறந்திருக்காது. அது ஏன் என்பதற்குப் போகும் முன் அவசரமான இரண்டு விஷயம்.

ஒன்று, சீட்டு எண். மதுரை நகல் மூன்றரை மணி நிலையில் நின்றது. அதை முதன்மையாக்கியதும் அது விட்ட இடத்திலிருந்து எண்ணைத் தொடர்ந்திருக்கும். அதாவது விடியலில் காகிதத்தில் அச்சாகி வியாபாரி கையில் இருக்கும் சீட்டின் எண்ணே இப்போது வேறொருவர் பெயரிலும் பதிவாகிக்கொண்டிருக்கலாம். எண் வரிசையை உடனே சில ஆயிரம் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே மோதியவற்றைக் கரிநகலை வைத்துப் பிரித்தெடுங்கள். இரண்டு, செத்த வட்டு. அதை யாராவது “சரிசெய்து” பழையபடி பூட்டிவிட்டால், மண்டபத்தில் ஒரு முதன்மையும் மதுரையில் ஒரு முதன்மையுமாக இரண்டு தலை முளைக்கும். வட்டைத் தனியாக எடுத்து வைத்து, படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் வால் கோப்புறை பிழைத்திருந்தால் அந்த மூன்று மணி நேரமும் அதற்குள்தான் இருக்கிறது.

வால் என்றதும் சிரிக்க வேண்டாம். முன்கூட்டியே எழுதப்படும் பதிவேட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்த சுருக்கப்பெயர் (WAL) தமிழில் எழுதும்போது அப்படித்தான் வருகிறது. பொருத்தமும்கூட. எந்த மாற்றமும் அட்டவணைக்குப் போகும் முன் இந்த வாலில் எழுதப்படுகிறது. வாலைத்தான் மதுரைக்கு அனுப்புகிறோம். மண்டபத்தில் எழுதிய வாலின் நுனிக்கும் மதுரையில் வந்து சேர்ந்த வாலின் நுனிக்கும் இடையே எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவும் மண்டபம் சர்வர் இந்த நொடி செத்தால் போய்விடும். அதுதான் இழப்பு அபாயம். மதுரைக்கு வந்து சேர்ந்து வட்டில் எழுதப்பட்டுவிட்டாலும் இன்னும் அட்டவணையில் ஏற்றப்படாத பகுதி ஒன்று இருக்கும். அது இழப்பு அல்ல, தாமதம். மீன் கரைக்கு வந்துவிட்டது, எடை போட ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே “பின்தங்கல்” என்ற சொல்லுக்குள் அடைப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஆரக்கிள் தரவுத்தளக்காரர்கள் டிரான்ஸ்போர்ட் லேக், அப்ளை லேக் என்று இவற்றுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பூஜ்யத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வினவலின், அதாவது பின்தங்கலைத் தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையின் பிறப்பு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். முதலில் எல்லோரும் எழுதுவது எளிய கணக்கு: மதுரை சர்வரில் இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக ஏற்றப்பட்ட பரிவர்த்தனையின் நேரத்தைக் கழிப்பது. நன்றாகவே ஓடும். ஏப்ரல் 15 வரைக்கும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றதும் சீட்டுகள் வற்றிப்போகும். இரவில் நான்கு மணி நேரம் ஒரு பதிவும் இல்லை என்றால், கடைசிப் பரிவர்த்தனை நான்கு மணி நேரம் பழையது. வரைபடம் நான்கு மணி நேரம் பின்தங்கல் என்று அலறும். உண்மையில் பின்தங்கல் எதுவும் இல்லை; அனுப்ப ஏதுமில்லை, அவ்வளவுதான்.

இரண்டு இரவு தூக்கம் கெட்டதும், வந்து சேர்ந்த வாலின் நுனியும் ஏற்றப்பட்ட வாலின் நுனியும் ஒன்றாக இருந்தால் பூஜ்யம் என்று காட்டு, இல்லாவிட்டால் மட்டும் நேரத்தைக் கழி என்று யாரோ சொல்லிக்கொடுப்பார்கள். இணையத்தில் அதிகமாகச் சுற்றும் திருத்தம் இதுதான். பொய்ச்சத்தம் அடங்கிவிடும். கூடவே மெய்ச்சத்தமும் அடங்கிவிடும். இணைப்பு அறுந்தால் மதுரைக்குப் புதிதாக எதுவும் வராது. வந்ததெல்லாம் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டு நுனியும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே பூஜ்யம். உங்கள் வினவல் பொய் சொல்லவில்லை, தம்பி. “வந்ததை எல்லாம் ஏற்றிவிட்டாயா?” என்று கேட்டீர்கள், “ஏற்றிவிட்டேன்” என்றது. “எல்லாம் வந்ததா?” என்று நீங்கள் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு மதுரையால் தனியாகப் பதில் சொல்லவும் முடியாது. மண்டபத்தில் என்ன எழுதப்பட்டது என்பது மண்டபத்துக்குத்தான் தெரியும்.

எனவே இழப்பு அபாயத்தை முதன்மைப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் என்ற பார்வையில் (போஸ்ட்கிரெஸ் தன் நிலையைக் காட்டும் உள் அட்டவணை) ஒவ்வொரு நகலுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் அனுப்பியது, நகல் எழுதியது, நகல் வட்டில் உறுதிப்படுத்தியது, நகல் ஏற்றியது என்று நான்கு வால் நிலைகள் உண்டு. முதன்மையின் இப்போதைய வால் நிலையிலிருந்து மூன்றாவதை, அதாவது ஃப்ளஷ் நிலையைக் கழித்தால் வருவது பைட் கணக்கில் உங்கள் இழப்பு அபாயம். பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் என்ற செயற்கூறு அந்தக் கழித்தலைச் செய்துதரும். 10ஆம் பதிப்பிலிருந்து அதே பார்வையில் விநாடிக் கணக்கிலும் மூன்று நெடுவரிசைகள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தரவுத்தளம் சும்மா இருந்தால் சிறிது நேரத்தில் அவை வெறுமையாகிவிடும். எச்சரிக்கையை அவற்றின் மேல் கட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமானது: நகலின் இணைப்பு அறுந்தால் அந்த வரியே மறைந்துவிடும். இல்லாத வரியில் எந்த எண்ணும் வரம்பைத் தாண்டாது. அளவுகளைச் சேகரித்து எச்சரிக்கை தரும் புரோமிதியஸ் மென்பொருளில் “மதிப்பு இவ்வளவுக்கு மேல் போனால்” என்று எழுதிய விதி, மதிப்பே இல்லாதபோது தூங்கிவிடும். இணைப்பு சுத்தமாக அறுந்தால் வரி உடனே போகும். கம்பி நடுவில் எங்கோ செத்து, இரு முனையும் ஒன்றையொன்று இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இயல்பு அமைப்பில் 60 விநாடி கழித்துத்தான் போகும். அதுவரை பைட் இடைவெளி வளர்வதைக் காணலாம். இரண்டையும் பிடிக்க இரண்டு விதி வேண்டும்: இடைவெளி வளர்ந்தால் ஒன்று, வரியே காணாமல் போனால் இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு அன்று வேண்டியிருந்தது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் ஆபத்து. இவ்வளவும் செய்தித்தாளில் வரும். அதிகம் பேர் அறியாதது பதினோராம் எண். அது காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அதற்குப் பொருள். அந்த அட்டவணையை வகுத்தவர்கள், “தகவல் வரவில்லை” என்பதைப் பத்துக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். நமது கண்காணிப்பில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து பத்து வரை அழகாக இருக்கும், பதினொன்று இருக்காது. உங்களிடமும் இல்லை.

அந்தப் பதினோராம் கூண்டை எங்கே நடுவது என்பதும் கேள்வி. உங்கள் புரோமிதியஸ் மதுரையில், நகலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருப்பதில் தவறில்லை. மண்டபம் சர்வர் செத்தாலும் அளவுகள் பிழைத்திருக்கும். ஆனால் மண்டபத்தையும் அதே கம்பி வழியாகத்தான் பார்க்கிறது. கம்பி போனால் முதன்மையின் அளவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். அப்போது “மண்டபத்திலிருந்து இரண்டு நிமிடமாக ஒன்றும் வரவில்லை” என்ற விதி தொலைபேசியை அடிக்க வேண்டும். மண்டபத்திலும் ஒரு சிறிய கண்காணிப்பு வையுங்கள். பழைய மடிக்கணினி போதும். அதற்குத் தனியாக ஒரு சிம் போட்ட மோடம் கொடுங்கள். “கம்பி அறுந்தது” என்ற செய்தி அறுந்த கம்பி வழியாகப் போகக் கூடாது. இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் பத்தில் எட்டு இடத்தில் எச்சரிக்கை மின்னஞ்சல் அதே ரூட்டர் வழியாகத்தான் வெளியே போகிறது.

மின்னஞ்சல் என்றதும், நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நினைவுக்கு வருகிறது. 2017 ஜனவரி 31 அன்று அவர்களின் நகல் சர்வர் மிகவும் பின்தங்கிப்போக, அதைப் புதிதாக அமைக்கும் முயற்சியில் ஒரு பொறியாளர் நகல் என்று நினைத்து முதன்மையின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. சரி, காப்பு நகல் இருக்கிறதே என்று போனால், அதை எடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களை டிமார்க் என்ற அஞ்சல் சரிபார்ப்பு விதி தள்ளிவிட்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு வட்டுப் படிமம் கிடைத்தது. ஆறு மணி நேரத் தரவு போனது. மறைக்காமல் முழுவதையும் வெளியிட்டார்கள், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். எச்சரிக்கை அடித்ததா என்பதைவிட எச்சரிக்கை வழி உயிரோடு இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பொய் எச்சரிக்கையை வைத்து, அது நின்றால் வெளியே இருக்கும் மூன்றாம் இடம் உங்களை அழைக்கும்படி செய்வது பழைய உத்தி. இன்றும் அதற்கு மாற்று இல்லை.

தடைக்காலப் பொய்ச்சத்தத்துக்கு நேர்மையான தீர்வு நாடித்துடிப்பு அட்டவணை. முதன்மையில் ஒரே ஒரு வரி உள்ள அட்டவணை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அந்த வரியில் இப்போதைய நேரத்தை எழுதும் சிறு நிரல். மதுரையில் அந்த வரியைப் படித்து நேர வித்தியாசத்தைப் பார்ப்பது. படகு போனாலும் போகாவிட்டாலும் ஐந்து விநாடிக்கு ஒரு துடிப்பு இருக்கும். ஆகவே எண் உயர்ந்தால் அதற்குக் காரணம் இருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள உலகில் இதே வேலைக்குப் பெர்கோனாவின் பிடி-ஹார்ட்பீட் என்ற கருவி வெகுகாலமாக இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை: இரு சர்வரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும், கடிகாரத்தைச் சரிசெய்யும் கிரோனி நிரல் ஓடுகிறதா என்பதையும் கண்காணியுங்கள், இல்லாவிட்டால் பின்தங்கல் எதிர்மறை எண்ணாக வந்து சிரிக்கும். இன்னொன்று, வால் கோப்புகளை ஆவணப்படுத்த, அதாவது தனியிடத்தில் சேமித்துவைக்க, நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயமாகக் கோப்பு மாற்றும்படி வைத்திருந்தால், இந்தத் துடிப்பு காரணமாக ஓய்வு நேரத்திலும் நிமிடத்துக்கு ஒரு 16 எம்பி கோப்பு உருவாகும். நாளொன்றுக்கு 1,440 கோப்பு, 23,040 எம்பி. சுருக்கி வைத்தால் மிகச் சிறிதாகிவிடும். சுருக்க மறந்தால் மே மாதம் முடிவதற்குள் வட்டு நிறையும்.

துடிப்பு ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. துடிப்பு, வந்ததும் ஏற்றப்பட்டதுமாக முழுப் பயணத்தையும் அளக்கிறது. மாதக் கடைசியில் உங்கள் கணக்காளர் மதுரை நகலில் ஒரு பெரிய அறிக்கையை ஓட்டுகிறார் என்று வையுங்கள். அந்த வினவலுக்கு இன்னும் தேவைப்படும் பழைய வரிகளைத் துடைத்தெறியும் மாற்றம் வந்தால், நகல் ஏற்றுவதை நிறுத்திக் காத்திருக்கும். இயல்பாக 30 விநாடி. பிறகு வினவலை வெட்டிவிடும். “அறிக்கை பாதியில் நிற்கிறது” என்று யாராவது புலம்ப, அந்த வரம்பை எடுத்துவிட்டிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கும். துடிப்பு ஒரு மணி நேரம் பழையதாகத் தெரியும். ஆனால் ஒரு சீட்டும் அபாயத்தில் இல்லை. எல்லாம் மதுரை வட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே வரைபடத்தில் மேலும் கீழுமாக வையுங்கள். துடிப்பு பழையதாகி, பைட் இடைவெளி சிறியதாகவே இருந்தால் மதுரையில் ஏற்றம் சிக்கியிருக்கிறது, கணக்காளரிடம் பேசுங்கள். இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் பாதையில் கோளாறு. இணைப்பு நிறுவனத்திடம் பேசுங்கள். துடிப்பு பழையதாகி, பைட் இடைவெளி என்ற எண்ணே இல்லாவிட்டால், அதுதான் பதினோராம் கூண்டு.

வரம்பு எவ்வளவு என்ற உங்கள் கேள்விக்கு இப்போதுதான் அர்த்தம் வருகிறது. அதை நீங்களோ நானோ முடிவுசெய்யக் கூடாது. முதலாளி முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அவரிடம் “எட்டு எம்பி போனால் பரவாயில்லையா?” என்று கேட்டால் அவர் உங்களைத்தான் முறைப்பார். எம்பியைச் சீட்டாக மாற்றுங்கள். வரத்து அதிகமுள்ள ஒரு விடியலில், இறக்கம் தொடங்கும்போதும் முடியும்போதும் வால் நிலையைக் குறித்துக் கழியுங்கள். அதை அன்றைய சீட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 400 எம்பி வால், 5,000 சீட்டு என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்கு 80 கேபி. ஒரு சீட்டுக்கு அவ்வளவா என்று திகைக்க வேண்டாம். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டுக்கு இறக்கும் ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்குப் பிறகும் முதன்முறை தொடும் பக்கத்தை முழுவதுமாக வாலில் எழுதுவதால் அப்படி வீங்கும். அப்படியானால் 8 எம்பி இடைவெளி என்பது நூறு சீட்டு. “நூறு சீட்டைக் கரிநகல் பார்த்து மறுபடி ஏற்ற முடியுமா?” என்று கேளுங்கள். “ஒரு மணி நேர வேலை, ஏற்றிவிடலாம்” என்பார். “ஆயிரம்?” என்றால் முகம் மாறும். அந்த முகம் மாறும் இடத்துக்குச் சற்று முன்னால் உங்கள் வரம்பு இருக்க வேண்டும்.

எல்லா நேரத்துக்கும் ஒரே வரம்பு என்பதும் நம் கரைக்குப் பொருந்தாது. திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மறுநாள் விடியலில் கரை சேர்கின்றன. செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் ஐந்து நிமிட இடைவெளி என்பதும் வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து நிமிடம் என்பதும் ஒன்றல்ல. நானாக இருந்தால் இறக்கம் நடக்கும் நேரத்தில் துடிப்பு 30 விநாடி பழையதாகி அது இரண்டு நிமிடம் நீடித்தால் ஒரு குறுஞ்செய்தி. மூன்று நிமிடத்தைத் தொட்டாலோ, நகலின் வரி மறைந்து ஒரு நிமிடம் ஆனாலோ தொலைபேசி அழைப்பு. மற்ற நேரங்களில் பத்து நிமிடம் வரை குறுஞ்செய்தியோடு நிற்கட்டும். ஐந்து விநாடி, ஒரு விநாடி என்றெல்லாம் வைக்காதீர்கள். ஒரு பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசை போன்றது) கட்டினாலே ஐந்து விநாடி தாண்டும். மாதத்தில் நாற்பது முறை வீணாக அடித்தால் நாற்பத்தோராவது முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தொலைபேசி அடித்தால் எடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் நிலையில் அது கணினி வேலையே அல்ல. “ஏலக்கூடத்துக்குச் சொல்: கரிநகலைக் கிழித்துப் போடாதே, சீட்டை வரிசையாக அடுக்கி வை.” அன்று மூன்றரை மணிக்கு இந்த ஒரு வாக்கியம் போயிருந்தால், வட்டு செத்தபோது இழப்பு அரை நாள் தட்டச்சு வேலையோடு முடிந்திருக்கும்.

ஸ்லாட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைப்பில் அது இருக்கிறது, வரம்பு இல்லை. ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்பது “மதுரை வாங்கிக்கொள்ளும்வரை வாலை அழிக்காதே” என்று முதன்மைக்கு இடும் கட்டளை. நல்ல கட்டளைதான். ஆனால் இணைப்பு மூன்று நாள் திரும்பவில்லை என்றால் மூன்று நாள் வாலும் மண்டபம் வட்டில் குவியும். வட்டு நிறைந்ததும் முதன்மையே நின்றுவிடும். நகலைக் காப்பாற்றப் போய் மூலத்தைக் கொல்வது. 13ஆம் பதிப்பில் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற வரம்பு வந்தது. அதை வையுங்கள். வைத்தால் வரம்பைத் தாண்டும்போது நகல் கைவிடப்படும், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும், அது பரவாயில்லை. ஸ்லாட் பார்வையில் இருக்கும் நிலை “எக்ஸ்டெண்டட்” ஆனால் கவனியுங்கள், “அன்ரிசர்வ்ட்” ஆனால் ஓடுங்கள், “லாஸ்ட்” ஆனால் உங்களிடம் இனி நகல் இல்லை. மீதமுள்ள இடத்தைப் பைட்டில் காட்டும் நெடுவரிசையும் அதே இடத்தில் உண்டு. அதற்கும் ஒரு எச்சரிக்கை.

“ஒத்திசைவு முறைக்கு மாறினால் இழப்பே இருக்காதாமே?” என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிட்டது. காற்று தணியும்வரை ரயில் மண்டபத்திலேயே நின்றது. ஒத்திசைவு நகல் அதைத்தான் செய்கிறது. மதுரை “எழுதிவிட்டேன்” என்று சொல்லும்வரை மண்டபத்தில் எந்தச் சீட்டும் முடியாது. கம்பி அறுந்தால் எடைமேடையே நிற்கும். இறால் காத்திருக்காது, ஐஸ் உருகும். ஒரே ஒரு தூர நகலை வைத்துக்கொண்டு ஒத்திசைவுக்கு மாறுவதை உங்கள் தொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக மண்டபத்திலேயே, வேறு அறையில், வேறு யுபிஎஸ்ஸில் இரண்டாவது ஒரு சிறு சர்வர் வையுங்கள். அதையும் மதுரையையும் சேர்த்து “இரண்டில் எது சொன்னாலும் போதும்” என்று அமைக்கலாம். 10ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. பக்கத்து அறை சர்வர் பெரும்பாலும் முதலில் பதில் சொல்லும். கம்பி அறுந்தாலும் வேலை நிற்காது. முதன்மை வட்டு மட்டும் செத்தால் ஒரு சீட்டும் போகாது. அன்று உங்களுக்கு நடந்தது துல்லியமாக இந்த இரண்டும்தான். இரண்டு சர்வரும் சேர்ந்து போகும் நாளுக்கு மட்டும் மதுரை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்தானே நீங்கள். கடலோரத்தில் இருந்துகொண்டு அந்த மூன்றாவதை விட்டுவிட முடியாது.

நகலைத் தானாக முதன்மையாக்கும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 அக்டோபர் 21 அன்று, கிட்லேப் போன்ற இன்னொரு சேவையான கிட்ஹப்பில் ஒரு கருவி மாற்றும் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 விநாடி அறுந்தது. தானியங்கி மேற்குக் கரையில் இருந்த நகல்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத பதிவுகள் இருந்தன. மேற்கிலும் புதியவை ஏறத் தொடங்கின. 43 விநாடி அறுந்ததற்கு 24 மணி நேரம் 11 நிமிடம் சேவை தடுமாறியது. அவ்வளவு பெரிய குழுவுக்கே அப்படி. மண்டபத்துக்கும் மதுரைக்கும் இடையே தானியங்கி மாற்றத்தை வைக்காதீர்கள். ஒரு மனிதர் கடைசி பைட் இடைவெளியைப் பார்த்து, “இத்தனை சீட்டு போகும்” என்று முதலாளியிடம் சொல்லி, மண்டபம் இயந்திரத்தின் மின்கம்பியை ஒருவர் உருவிவிட்டார் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு மாற்றட்டும். இதற்கும் ஒரு முன்னேற்பாடு உதவும்: புரோமிதியஸில் முதன்மையின் வால் நிலையைப் பத்து விநாடிக்கு ஒருமுறை சேமித்துவந்தால், சர்வர் செத்த பிறகும் அதன் கடைசி நிலை என்ன, மதுரை எங்கே நின்றது என்று கழித்துப் பார்க்கலாம்.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒன்று: “செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்” என்ற எண்ணும் இதே குடும்பம்தான். பெற்ற பதிவுகளை ஏற்றுவதில் உள்ள தாமதத்தைத்தான் அது சொல்கிறது. கம்பி மெதுவாகி, பதிவுகள் வந்து சேருவதே தாமதமானால் அது பூஜ்யத்தைக் காட்டும். துடிப்பு அட்டவணை அங்கேயும் வேண்டும்.

நகல் என்பது காப்பு அல்ல என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் உங்கள் பட்டியலில் தனிக் காப்பு எதுவும் இல்லை. யாராவது தவறாக ஒரு அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் ஒரு விநாடிக்குள் மதுரைக்குப் போய்ச் சேரும், பின்தங்கல் இல்லாமல். வாரம் ஒருமுறை அடிப்படைக் காப்பு, அதன் மேல் தொடர்ச்சியாக வால் ஆவணம், மூன்றாவது இடத்தில். பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் பார்வையில் தோல்வி எண்ணிக்கை ஏறினாலும், கடைசியாக ஆவணமான நேரம் பதினைந்து நிமிடம் பழையதானாலும் எச்சரிக்கை. மாதம் ஒருமுறை அந்தக் காப்பை வேறோர் இயந்திரத்தில் எழுப்பி, நேற்றைய சீட்டு எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.

இவ்வளவையும் அமைத்த பிறகு சோதிக்க உங்களுக்கு வேறு எந்த ஊர்க்காரருக்கும் கிடைக்காத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். வரத்து மிகக் குறைவு. அந்த நாட்களில் ஒரு காலையில், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், மண்டபத்தில் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு மண்டபம் கண்காணிப்பை நிறுத்திப் பாருங்கள். பிறகு மதுரை நகலின் ஏற்றத்தை மட்டும் நிறுத்துங்கள். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு செய்தி வர வேண்டும். சோதனைக்காக, புரோமிதியஸின் எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் எதையாவது அமைதிப்படுத்தினால், அது முடியும் நாளையும் அப்போதே ஜூன் 10 என்று எழுதிவிடுங்கள். தடை முடிந்து முதல் படகு கிளம்பும்போது எதுவும் வாயடைத்துக் கிடக்கக் கூடாது. கம்பியைக் கழற்றியதற்கும் உங்கள் தொலைபேசி அடித்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். வரம்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.